பத்துக் கை

இலக்கண வகுப்பில் பேராசிரியர் சினையாகுபெயரை விளக்கிக்கொண்டிருந்தார்: உறுப்பின் பெயர், அந்த உறுப்பை உடையவருக்கு ஆகி வருவது. பக்கத்திலிருந்தவளின் புதுத் தோல்பையிலிருந்து பசை வாசனை எழுந்தது. ஆம்பூரில், ஷூ கம்பெனியிலிருந்து திரும்பும் அம்மாவின் புடவையில் அதே வாசனைதான் இருக்கும்.

எனக்கு அப்போது ஆறு வயது. அம்மாவுடன் தையல் மெஷினில் வேலை செய்த ஷகிலா அக்கா ஒரு மாலை வாசலிலேயே நின்று சொன்னார்: "இன்னா மல்லிகா, ஆர்டர் கம்மியாம். நம்ம லைன்ல பத்து கைய எடுக்கப் போறாங்களாம்."

மறுநாள் காலை அம்மாவின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதேன். "வேலைக்குப் போவாதம்மா. கைய எடுத்துடுவாங்க."

"கைன்னா ஆளுடி, லூசு," என்று அம்மா சிரித்தார். நான் நம்பவில்லை.

அந்தச் சனிக்கிழமை மதியமே அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். "என்னையும் எடுத்துட்டாங்க," என்றார் அப்பாவிடம். நான் ஓடிப்போய் அம்மாவின் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "பொய்! ரெண்டும் இருக்குது!" என்று குதித்தேன்.

அம்மாவும் தன் கைகளைச் சற்று நேரம் பார்த்தார்.

"ஆமாண்டி, இருக்குது," என்றார். "இத வச்சிதான் இனிமே எதுனா பண்ணணும்."