கானாவில் ஒரு காலி நாள்

1. வண்டியை விட்டு இறங்காத கிளையண்ட்

சனிக்கிழமை மதியம் இரண்டரை மணி. ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில், குழம்பும் பொரியலும் பொட்டலம் கட்டி விற்கும் ஒரு கர்ரி பாயிண்ட்டுக்கு மேல் மாடியில் எங்கள் டிராவல்ஸ் ஆபீஸ். கீழே கோங்கூரா என்கிற புளிச்சகீரை வதங்கும் வாசனைக்கு நடுவில் நான் தயிர்சாத டப்பாவைத் திறந்தபோது கானாவிலிருந்து போன் வந்தது. பேசியது கோஃபி. எங்கள் கிளையண்ட் தம்பதியை அங்கே காரில் கூட்டிக்கொண்டு சுற்றும் டிரைவர். அங்கே அப்போது காலை ஒன்பது மணி.

அவர் ஆங்கிலத்தில் சொன்னது இது: "மேடம், நெசவு கிராமத்துக்கு வந்துவிட்டோம். சார் வண்டியை விட்டு இறங்க மாட்டேன் என்கிறார். அம்மா இறங்கிவிட்டார், ஆனால் எதையும் பார்க்க மாட்டேன் என்கிறார். நான் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டேனா?"

என் பெயர் ஸ்டெல்லா. அப்பா செகந்திராபாத்தில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அவர் ரயிலைப் பழுது பார்த்தார், நான் முப்பத்தோரு வருடம் டூர் பிளான் போட்டேன். விமானத்தைத் தவறவிட்டவர்கள், பாஸ்போர்ட்டை லாண்டரியில் போட்டவர்கள், பல்செட்டை பாங்காக்கில் மறந்து வந்தவர்கள் எல்லோரையும் பார்த்திருக்கிறேன். ஒன்பது நாள் பயணத்தில் ஐந்தாம் நாள் வண்டியை விட்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தவரை அன்றுதான் பார்த்தேன். தப்பு செய்தது கோஃபி இல்லை, நான்தான் என்பது தெரியப் பத்து நிமிடம் ஆனது.

2. மேற்கே சூலம்

அதற்கு மூன்று மாதம் முன்பு ஒரு காலையில் சண்முகம் சாரும் அவர் மனைவி கோமதி அம்மாவும் ஆபீசுக்கு வந்தார்கள். சார் இங்கே பக்கத்து எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் இன்ஜினியராக இருந்து ஓய்வுபெற்றவர். திருநெல்வேலிக்காரர்கள். முப்பது வருடம் ஹைதராபாத்தில் இருந்தும் பேச்சு மட்டும் தாமிரபரணியைத் தாண்டவில்லை.

"கானா போகணும் மேடம். ஒம்போது நாள்."

எங்கள் வாடிக்கையாளர்கள் காசி போவார்கள், சிங்கப்பூர் போவார்கள், அமெரிக்காவில் பேரன் பிறந்தால் அங்கே போவார்கள். கானா என்று கேட்டு யாரும் படி ஏறியதில்லை. "அங்க யாராவது இருக்காங்களா சார்?" என்று கேட்டேன்.

"சும்மாத்தான். ஊர் சுத்திப் பாக்கலாம்னு." கோமதி அம்மா சுவரில் இருந்த தாஜ்மகால் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை கிளம்பும் விமானத்தைச் சொன்னேன். வெள்ளி மேற்கே சூலம், கானா மேற்கே இருக்கிறது, ஆகாது என்றார். நான் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவள். ஆனாலும் எந்தக் கிழமை எந்தத் திசையில் சூலம் என்பது எனக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம், தொழில் அப்படி. அப்படியானால் ஞாயிறும் ஆகாது என்று நானே அடித்துவிட்டு, புதன்கிழமையைச் சொன்னேன். அன்று அவருக்குச் சந்திராஷ்டமம். வியாழன் கோமதி அம்மாவுக்குச் சந்திராஷ்டமம். செவ்வாய் என்பதால் செவ்வாய் வேண்டாம். சனியன்று விமானம் இல்லை. கடைசியில் திங்கட்கிழமைதான் மிஞ்சியது. சார் டைரியில் குறித்துக்கொண்டார். "செவ்வாக்கிழம அங்க எறங்குனா அஞ்சாம் நாள் சனிக்கிழம. நாம குமாசியில இருப்போம். சரிதானே?"

குமாசி அந்த நாட்டின் இரண்டாவது பெரிய ஊர். அங்கே ரூம் போடச் சொன்னபோது எங்கள் கானா ஏஜென்ட் சிரித்தார். சனிக்கிழமையா, ஊர் முழுக்க சாவு இருக்கும், ஹோட்டல் எல்லாம் வெளியூர் உறவுக்காரர்களால் நிரம்பிவிடும் என்றார். அப்படி எந்தப் பெரிய மனிதர் போய்விட்டார் என்று கேட்டேன். ஒருவரும் இல்லையாம், எல்லாச் சனிக்கிழமையும் அப்படித்தானாம். அந்தப் பக்கத்து மக்கள் இறந்தவரைச் சவக்கிடங்கில் வைத்துவிட்டு, வாரக்கணக்கில் தள்ளி ஒரு தேதி குறித்து, போட்டோ போட்டு அறிவிப்பு அடித்து, சனிக்கிழமையில் அடக்கம் செய்வார்களாம். நம் ஊரில் கல்யாணத்துக்குச் செய்கிற ஏற்பாடு.

சாருக்கு போன் செய்தேன். "சார், அன்னிக்கு ஊரே சாவு வீடா இருக்குமாம். கிழமையை மாத்திடலாமா?"

"வேண்டாம் வேண்டாம். அது அவங்க பாடு, நமக்கென்ன?" என்றார்.

வெள்ளிக்கிழமை சூலத்துக்குப் பயந்தவர் ஊர் நிறையச் சாவுக்குப் பயப்படவில்லை. எனக்கு அங்கேயே பொறி தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை, டிக்கெட் போடும் மும்முரத்தில் இருந்தேன்.

3. காலியாக விட்டால் என்ன ஆகும்

டிக்கெட் முடிந்தது. மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அதற்குக் கொடுக்கும் மஞ்சள் நிறச் சான்றிதழ் அட்டை செல்லும். இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள் என்பதால் ஊசிக்கு முன்னால் டாக்டரிடம் தனிக் கடிதம் வாங்க வேண்டியிருந்தது. அதையும் வாங்கிக் கொடுத்தேன். முதல் இரண்டு நாள் தலைநகர் அக்ரா. மூன்றாம் நாள் கேப் கோஸ்ட் கோட்டை. நான்காம் நாள் காட்டுக்குள் தொங்குபாலம், அங்கிருந்து குமாசி. ஐந்தாம் நாளைக் காலியாக விடச் சொன்னார் சார்.

முதலாளி மோகன் என்னைவிட எட்டு வயது சின்னவர், இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார், திட்டும்போதும் அக்காதான். பிளானைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது என்னக்கா டே ஃபைவ் மொட்டையா கெடக்கு? நக்கோ, வேண்டாம். கானா வரைக்கும் போயி ரூம்ல படுத்துத் தூங்கறதுக்கா? எதையாவது போடுங்க."

எங்கள் தொழிலில் காலி நாள் ஒரு மானப் பிரச்சினை. பிளான் போட்டவளுக்கு ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அர்த்தம். நான் ஏரியைப் போட்டேன். "ஏரி இங்கயே நெறைய இருக்கே மேடம்" என்றார் சார். ஏரியை எடுத்துவிட்டு அரண்மனை மியூசியத்தைப் போட்டேன். "ரொம்ப நேரம் நிக்க முடியாது, முட்டு வலி." மியூசியத்தை எடுத்துவிட்டு, பட்டையும் பருத்தியையும் கலந்து குறுகிய தறியில் துணி நெய்யும் கிராமத்தைப் போட்டேன். அங்கே உட்கார்ந்தே பார்க்கலாம். அவருக்குச் சொல்ல வேறு காரணம் கிடைக்கவில்லை. எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது.

மறுநாள் கோமதி அம்மா தனியாகப் போன் செய்தார். "அவுக கேட்ட மாதிரியே அந்த ஒரு நாள சும்மா விட்டுருங்களேன் மேடம்."

"அம்மா, அந்தத் தறியைப் பார்க்காம வந்தீங்கன்னா வாழ்நாள் பூரா வருத்தப்படுவீங்க" என்றேன்.

அவர் "சரிம்மா" என்று வைத்துவிட்டார்.

4. ஒரே போனில் மூன்று பேர்

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். கோஃபியிடம் போனைக் கோமதி அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன். அவர் வண்டியை விட்டுத் தள்ளி வந்து பேசினார்.

"நான் அன்னிக்கே சொன்னம்லா மேடம்? இந்த ஊருலதான் எங்க மக மீனா இருக்கா. ஹைதராபாத்துல கூடப் படிச்ச இந்த ஊருப் பையனக் கட்டிக்கிட்டா. ஆறு வருசமா அவுக அவகூடப் பேசல. இன்னைக்கு அவ மாமனாருக்கு அடக்கம். பத்து மணிக்கு எடுத்துருவாக."

"சாருக்குத் தெரியுமா?"

"தெரியாமயா? நான் மீனாகூடத் திருட்டுத்தனமாப் பேசிட்டுத்தான் இருக்கேன். அந்தச் சாவு அறிவிப்ப அவ எனக்கு அனுப்பிருந்தா. அவுக என் போன்ல அதப் பாத்துட்டாக. மறுநாளே கானா போலாமான்னு கேட்டாக. எனக்குப் புரிஞ்சிட்டு. ஆனா தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்கிட்டா வெக்கப்பட்டுட்டு டிக்கெட்டக் கிழிச்சிருவாக. அதான் வாயத் தொறக்கல. நீங்களும் சொல்லிராதிய."

அப்போதுதான் எனக்குச் சூலம் புரிந்தது. அவர் சனிக்கிழமையில் தொடங்கிப் பின்னோக்கிக் கணக்குப் போட்டு வந்திருக்கிறார். இன்ஜினியர் அல்லவா? நான் அதன் நடுவில் ஒரு தறியைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

அவர் வண்டிப் பக்கம் திரும்பியதும் சார் போனை வாங்கிக்கொண்டார். "மேடம், எனக்கு முட்டு ரொம்ப வலிக்கி. கோமதி இருந்து நெசவு பாக்கட்டும். என்னைய மட்டும் ஹோட்டல்ல விடச் சொல்லுங்க."

மனைவியைத் தறிக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டு, தான் மட்டும் நழுவப் பார்க்கிறார். கணவர் சொன்னதை மனைவியிடம் சொல்லாதே, மனைவி சொன்னதைக் கணவரிடம் சொல்லாதே என்பது எங்கள் வேலையின் முதல் பாடம். முப்பத்தோரு வருடத்தில் அதை ஒரே ஒரு முறைதான் மீறினேன்.

"சார், நீங்க எதுக்குக் கானா வந்தீங்கன்னு உங்க வீட்டம்மாவுக்குத் தெரியும். பத்து மணிக்கு எடுத்துடுவாங்களாம். ரெண்டு பேரும் சேர்ந்து கிளம்புங்க."

அவர் வண்டிக் கதவைச் சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"எப்பருந்து தெரியும்?"

"அதை வண்டில போகும்போது அவங்களையே கேளுங்க."

"நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போக, மேடம்? கல்யாணத்துக்கு அந்த மனுசன் அவரே போன் போட்டுக் கூப்பிட்டாரு. நான் பாதிலயே வச்சிட்டேன். பையனோட அப்பா அவரு. பேரு கூட நான் கேக்கல."

"சாவுக்கு யாரும் பத்திரிகை வெச்சுக் கூப்பிடறதில்ல சார். ஏன் வந்தேன்னு கேட்கிறதும் இல்ல. கோஃபிட்ட போனைக் கொடுங்க."

கோஃபி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், எந்தக் குடும்பம் என்று. பக்கத்திலிருந்து கோமதி அம்மா சொன்னதும் வண்டியைத் திருப்பிவிட்டார்.

"டே ஃபைவ் என்னாச்சுக்கா?" என்றார் மோகன்.

"கேன்சல்."

"கைக்கு? ஏன்?"

"கிளையண்ட்டோட சொந்தக்காரங்க வீட்டுல சாவு."

"கானாவுலயா?"

"ஹவ், ஆமா" என்று சொல்லிவிட்டு டப்பாவை மூடினேன்.

5. வரிசை

பத்து நாள் கழித்து இருவரும் ஆபீசுக்கு வந்தார்கள். அந்தச் சனிக்கிழமை சாலையெங்கும் சாவுக்குப் போகிற வண்டிகளாம். கிராமத்திலிருந்து ஊருக்குள் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. அவர்கள் போனபோது உடலை எடுத்துவிட்டார்கள், அடக்கமும் முடிந்திருந்தது. உறவுக்காரர்கள் பந்தலில் கறுப்பும் சிவப்புமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் எங்கள் கம்பெனி இலவசமாகக் கொடுத்த மஞ்சள் டி‌-ஷர்ட்டில் சண்முகம் சார். கோமதி அம்மா மட்டும் காலையிலேயே கறுப்புச் சேலை உடுத்தித்தான் கிளம்பியிருந்தார்.

"அங்க ஒரு மொற இருக்கு மேடம்" என்றார் கோமதி அம்மா. "வந்தவங்க வரிசையா எல்லாருக்கும் வலது கையால கை குடுத்துட்டே போகணும். ஒருத்தரக்கூட விடக்கூடாது. கோஃபி சொல்லிக்குடுத்தாரு. அவுக தலைய நிமுத்தவே இல்ல. கையத்தான் பாத்தாக. ஒவ்வொரு கையா புடிச்சு விட்டு, புடிச்சு விட்டுப் போயிட்டே இருந்தாக. எம்பது பேராவது இருக்கும். அப்புறம் ஒரு கையப் புடிச்சாக. அது மட்டும் விடல. மீனா கை அது."

சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எடுக்கறதுக்கு முன்னால அவரு மொகத்த ஒரு தடவ பாத்திருக்கலாம், மேடம்" என்றார். என்னைக் குறை சொல்லும் தொனி அதில் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

இன்று ஐ.டி. ஆபீஸ்கள் நிறைந்த மாதாப்பூரில் லேப்டாப்பில் டூர் பிளான் போடும் பிள்ளைகள் என்னிடம் டிப்ஸ் கேட்கிறார்கள். ஒன்றுதான் சொல்வேன். யாராவது ஒரு நாளைக் காலியாக விடச் சொன்னால் விட்டுவிடுங்கள். எங்கே போகவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த வீட்டில் ஆறு வருடம் வீணானதற்கு நான் பொறுப்பில்லை. அதற்கு மேல் வீணான இரண்டு மணி நேரம் மட்டும் நான் போட்ட பிளான்.