இடைவேளைக்குப் பின் தூங்கியவர்

ஆந்திர எல்லையோர நகரியில் பதினாறு விசைத்தறிகள் ஓடும் ஒரு கொட்டகையில் வேதாச்சலம் மேஸ்திரி. தறி நின்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஐம்பத்து மூன்று வயது. திருமணம் ஆகாத தம்பியோடு ஒரே வீட்டில் இருக்கிறார். பீடி, சாராயம் கிடையாது. அவருடைய ஒரே செலவு சினிமா. அதிலும் குடும்பக் கதை, காதல் கதை எதற்கும் போகமாட்டார். ராக்கெட் பறக்க வேண்டும், ஊர் ஒன்று அழிய வேண்டும், இன்னும் முந்நூறு வருஷம் கழித்து நடப்பதாக இருக்க வேண்டும். எத்தனை கோடி செலவு என்று போஸ்டரில் போட்டிருந்தால் இன்னும் நல்லது.

அவருக்குப் படத்தைச் சும்மா பார்க்கத் தெரியாது. விண்கலத்துக்குள் எல்லோரும் மிதக்கும்போது கதாநாயகியின் துப்பட்டா மட்டும் கீழ்நோக்கித் தொங்கினால் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிவிடுவார். விண்வெளி உடுப்பில் மடிப்பு விழுவதைப் பார்த்து, "நானூறு வருஷம் ஆகியும் அதே பாலியஸ்டர்தானா?" என்று கேட்பார். எந்திர மனிதன் நடந்து வரும்போது முழங்கால் மூட்டில் எண்ணெய்க் கசிவு காட்டியிருந்தார்கள் என்பதற்காக ஒரு படத்தை வருஷக் கணக்கில் புகழ்ந்தார். "அத எடுத்தவனுக்கு மெஷின் தெரியும்" என்பார்.

நகரியில் இந்த மாதிரிப் படங்களுக்குத் தேவையான திரையும் ஒலியும் இல்லை என்பது அவர் கருத்து. திருப்பதிக்குத்தான் போவார். படம் வெள்ளிக்கிழமை வரும். சனிக்கிழமை காலையில் கதை சொன்னால்தான் மதிப்பு. ஞாயிற்றுக்கிழமைக்குள் பாதிப் பேர் பார்த்துவிடுவார்கள். அதனால் இரவு ஷிப்ட் முடித்து, முகம் கழுவி, எட்டரை மணி பஸ் பிடித்து, பதினோரு மணி காட்சிக்குப் போய் உட்காருவார். முதல் பாதியில் கண் இமைக்கமாட்டார். இடைவேளையில் ஒரு முட்டை பஃப்ஸும் டீயும். அதன் பிறகு ஏசி குளிரும், பன்னிரண்டு மணி நேரம் நின்ற காலும் சேர்ந்துகொள்ளும். கண் திறக்கும்போது திரையில் பெயர்கள் ஓடிக்கொண்டிருக்கும், ஜனங்கள் படியிறங்கிக்கொண்டிருப்பார்கள்.

இது ஒரு தடவை நடந்ததல்ல. ஏழு வருஷமாக ஏறக்குறைய எல்லாப் படத்திலும் நடந்தது. ஒருவருக்கும் தெரியாது. பாதி வரை பார்த்ததை வைத்து மீதியை பஸ்ஸிலேயே கட்டிவிடுவார். பார்த்துவிட்டு வந்தவர்கள் யாராவது முரண்பட்டால், "நீ போன் நோண்டிக்கினு இருந்திருப்ப" என்று அடக்கிவிடுவார். மேஸ்திரியின் சொல்லை யார் மறுப்பது?

அவர் சொல்லும் கதையை விடாமல் கேட்பவள் செங்கம்மா. கொட்டகையின் ஓரத்தில் தார் சுற்றும் மெஷினில் வேலை. நூல் கண்டிலிருந்து, தறியில் குறுக்கே பாயும் நாடாவுக்குள் வைக்கும் தார் என்ற சின்னக் கட்டைக்கு நூல் ஏறிக்கொண்டே இருக்கும். கையை எடுக்க முடியாது, ஆனால் கண்ணும் மனசும் பாதி சும்மா இருக்கும். காதுக்கு அங்கே வேலையில்லை, தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. அதனால் அவர் எதிரில் நின்று கையாலும் உதட்டாலும் சொல்வார். கொட்டகையில் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள். ராக்கெட்டுக்கு இரண்டு கையும், கிரகத்துக்கு ஒரு முஷ்டியும் போதும். சனிக்கிழமை காலையில் அவர் ஷிப்ட் முடிந்தும் ஒரு மணி நேரம் நின்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

செங்கம்மாவுக்கு ஒரே மகள், காவ்யா. ஸ்ரீசிட்டியில் போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை, வரதய்யபாளையத்தில் ஹாஸ்டல். பள்ளிப்பட்டிலிருந்து பெண் பார்க்க வந்த அன்று அவள் வரவில்லை. போனை அணைத்துவிட்டுக் கூடுதல் ஷிப்ட் பார்த்தாள். வந்தவர்கள் காபி குடித்துவிட்டு எழுந்து போனார்கள். அன்று செங்கம்மா போனில், "இனிமே இந்த வாசப்படி மிதிக்காத" என்று சொல்லிவிட்டாள். பத்து மாதமாக இருவருக்கும் பேச்சில்லை.

அந்த வருஷம் வந்த பெரிய படம் ஒன்றில் கடல் கரையைத் தின்றுவிடுகிறது. பணமுள்ளவர்கள் ஆகாயத்தில் ஓர் இரும்பு ஊர் கட்டி, அதைத் தேர் வடம் போன்ற ஒரு கம்பி வடத்தால் பூமியோடு கட்டி வைத்திருக்கிறார்கள். கதாநாயகி மேலே விமானி. அவள் அம்மா கீழே விதைக் கிடங்கைக் காத்துக்கொண்டு தனியாக இருக்கிறாள். வடத்தில் ஒரு புரி அறுகிறது. அறுவதற்கு முன்னால் நூல்போல் பிசிறு கிளம்புவதை அருகில் காட்டியிருந்தார்கள். வேதாச்சலம் அதைப் பார்த்து அசந்து போனார். தறியில் பாவு நூல் அறுவதும் அப்படித்தான். மகள் மேகத்துக்குள் இறங்குகிறாள். அதோடு இவர் தூங்கிப்போனார்.

மறுநாள் காலை செங்கம்மாவின் எதிரில் நின்று சொல்லும்போது, மேகத்தைத் தாண்டியதும் அவருக்குப் பாதை இல்லை. அவள் முகத்தைப் பார்த்தார். அவள் மாட்டிய கட்டையில் நூல் நிறைந்து வழிவதைக்கூடக் கவனிக்காமல் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்தே மீதியைச் சொன்னார். மகள் கதவைத் தட்டுகிறாள். அம்மா திட்டுகிறாள். திட்டி முடித்துவிட்டு, "துன்னியா இல்லியா?" என்று கேட்கிறாள். மகள் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். பிறகு அம்மாவை முதுகில் கட்டிக்கொண்டு வடத்தில் ஏறி மேலே கூட்டிப்போகிறாள்.

செங்கம்மா மெஷினை நிறுத்தினாள். அவர் அருகில் வந்து காதோரம் கத்தினாள்.

"அந்தப் படத்துக்கு காவ்யாவ இட்டுக்கினு போனா இன்னாண்ணா?"

தூங்கிவிட்டதை அப்போதே சொல்லியிருக்கலாம். "போம்மா" என்றார். சீட்டும் அவரே தன் போனில் பதிவு செய்து கொடுத்தார், அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு. அன்றே செங்கம்மா மகளுக்குப் போன் செய்து கூப்பிட்டாள், அவளும் வருவதாகச் சொன்னாள்.

அவர்கள் படத்துக்குப் போவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம், டீக்கடையில் தறி ஓட்டும் பிரபாகர் சொன்னான், "நேத்து பாத்தேன் மேஸ்திரி. கடசில அம்மாவ கீழயே உட்டுட்டு அது கம்பிய வெட்டுது பாரு, தியேட்டரே அழுதுக்கினு இருக்குது."

"எது வெட்டுது?"

"பொண்ணுதான். மேல லட்சம் பேரு இருக்கறாங்க இல்ல, அவங்கள காப்பாத்தணும்ல. நீதான் பாத்துட்டு வந்தியே."

"பாத்தேன், பாத்தேன்" என்றார் வேதாச்சலம்.

போனை எடுத்து செங்கம்மாவின் பெயர் வரை போனார். என்ன சொல்வது? தூங்கிவிட்டேன் என்றால், முந்தைய படங்களிலும் தூங்கினாயா என்று அவள் கேட்பாள். தாயும் மகளும் சந்தித்துக்கொள்வதுதானே முக்கியம், படம் எப்படி முடிந்தால் என்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். போனைச் சட்டைப் பையில் போட்டார்.

திங்கட்கிழமை அவருக்கு இரவு ஷிப்ட்தான். இருந்தும் காலையிலேயே கொட்டகைக்குப் போனார். செங்கம்மா மெஷினைப் போடாமல் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"நல்லாதாண்ணா வந்துச்சு. பஸ் ஸ்டாண்டுலயே கைய புடிச்சிக்கிச்சு. இட்லி துன்னோம். இன்டர்வல் வரைக்கும் எந்தோள்லயே சாஞ்சிக்கினு இருந்துச்சு." மெஷின் மேல் கிடந்த பிசிறைத் துடைத்தாள். "கடசில அந்தப் படத்துப் பொண்ணு கம்பிய வெட்டுச்சு. வெளிய வந்து பாப்பா என்ன கேக்குது தெரியுமா? 'இதக் காட்டத்தான் இட்டாந்தியா? நான் உன்ன உட்டுட்டுப் போயிட்டேன்னு குத்திக் காட்டறியா?' ன்னுது. இல்ல பாப்பா, எனக்கு வேற மாரி சொன்னாங்கன்னேன். காதுல போட்டுக்கல. பஸ் ஏறிப் போயிடுச்சு."

வேதாச்சலம் ஒரு வெற்றுக் கட்டையை எடுத்துக் கையில் உருட்டினார்.

"உனக்கு வேற மாரிதான காமிச்சாங்க?" என்று கேட்டாள் அவள். "ஒரு வாரத்துல மாத்திட்டாங்களாண்ணா?"

அவள் கண்ணில் சந்தேகம் இல்லை. அதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. இருந்தும் வாயில் வந்தது இது: "மாத்திருப்பாங்கம்மா. நெறைய பேரு கேட்டிருப்பாங்க."

அந்த வாரம் முழுக்க அவர் கை சரியாக ஓடவில்லை. ஒரு தறிக்கு நாடா அடிக்கும் பெல்ட்டைத் தலைகீழாக மாட்டினார். தம்பி காரணம் கேட்டதற்கு வெயில் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை புத்தூரில் பஸ் மாறி, நாராயணவனம், நாகலாபுரம் வழியாகச் சத்தியவேடு போய், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் வரதய்யபாளையத்தில் இறங்கியபோது மணி பன்னிரண்டு. ஹாஸ்டல் வாசலில் காவலாளி, "எவரு காவாலி?" என்று தெலுங்கில் யாரைப் பார்க்க வேண்டும் எனக் கேட்டான். பெயரைச் சொன்னார். காவ்யா தலையைத் துவட்டிக்கொண்டே கீழே வந்தாள். அவரைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"எங்கம்மா அனுப்பிச்சிச்சா மாமா?"

"இல்லம்மா. நான் வந்தது அதுக்குத் தெரியாது."

எதிரில் இருந்த கடையில் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். டீ வந்தது. அவர் டம்ளரைத் தொடவில்லை.

"அந்தப் படம். உங்கம்மாவுக்குக் கத சொன்னது நான்தான்."

"தெரியுமே. எல்லாப் படமும் நீதான சொல்ற. சின்னப்புள்ளைல இருந்து அது எங்கிட்ட சொல்லும், மேஸ்திரி மாமா சொன்னாருன்னு."

"நான் கடசி பாக்கலம்மா. தூங்கிட்டேன். நானா ஒண்ணு சொன்னேன்."

காவ்யா அவரை உற்றுப் பார்த்தாள். "எங்களச் சேத்து வைக்கறதுக்கு வந்து பொய் சொல்றியா?"

"பொய் சொன்னது ரெண்டு வாரம் முன்ன."

"அப்ப இன்னா சொன்ன அதுகிட்ட? சொல்லு, கேக்கறேன்."

சொன்னார். வாய் வராமல் கை முதலில் எழுந்தது. மேகம், கதவு, தட்டல். கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அம்மா திட்டுவதையும், "துன்னியா இல்லியா?" என்று கேட்பதையும் சொன்னார். காவ்யா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இது படத்துல வர்ற அம்மா இல்ல, எங்கம்மா."

"ஆமா. அத பாத்துக்கினேதான் சொன்னேன்."

"அது இத நம்பிக்கினா என்ன கூப்ட்டுச்சு?" அவள் குரல் மாறியது. "தியேட்டர்ல வெளிச்சம் போட்டப்புறமும் அது எழுந்திருக்கல மாமா. இன்னும் இருக்குது, இன்னும் இருக்குதுன்னு உக்காந்துக்கினு இருந்துச்சு. நான் இன்னான்னு நெனச்சேன், வேணும்னே என்ன அழ வைக்குதுன்னு." தலை துவட்டிய துண்டால் மூக்கைத் துடைத்தாள். "இத ஏன் நீ அதுகிட்டயே சொல்லல?"

"மானம் போயிடும்னு" என்றார் கடைசியில்.

அவள் போனை எடுத்து, எண்ணை அழுத்தி, அவர் கையில் கொடுத்தாள். "எங்கிட்ட சொன்னத அதுகிட்ட சொல்லு."

இரண்டு முறை மணி அடித்தது. "பாப்பா?" என்றாள் செங்கம்மா.

"நான் வேதாச்சலம்மா. காவ்யா போன்ல இருந்து. பயப்படாத, நல்லா இருக்குது." டம்ளரை நகர்த்தி வைத்தார். "படத்த யாரும் மாத்தல. நான் தூங்கிட்டேன். கடசி எனக்குத் தெரியாது."

அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"இந்தப் படத்துலயா அண்ணா, எல்லாப் படத்துலயுமா?"

இங்கேயும் இன்னொரு பொய் சொல்ல இடமிருந்தது. "எல்லாத்துலயும்தான்" என்றார்.

"திங்கட்கிழம கேட்டனே."

"கேட்ட."

"கேட்டதுக்கு மாத்திருப்பாங்கன்னு சொன்னியே." அவள் குரல் உயரவில்லை. "பாப்பாகிட்ட குடு."

காவ்யா போனை வாங்கிக்கொண்டு ஹாஸ்டல் சுவர் ஓரமாக நடந்தாள். அவர் எழுந்து போகலாமா, இருக்கலாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு தடவை அவள் சிரிப்பது போல இருந்தது. ஒரு தடவை சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். இருபது நிமிஷத்துக்கு மேல் ஆனது. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"வர்ற ஞாயித்துக்கெழம அது இங்க வருதாம்."

"நான் வேணா பஸ்ல இட்டுக்கினு வர்றேன். ரெண்டு எடத்துல மாறணும், அதுக்கு வழி தெரியாது."

"நானே சத்தியவேடு வந்து கூட்டிக்கறேன்." அவள் தயங்கினாள். "நீ வரவேணாம்னு சொல்லுச்சு மாமா."

"சரிம்மா" என்றார்.

அடுத்த வாரம் அவருக்கும் பகல் ஷிப்ட். சனிக்கிழமை காலை தறிகள் ஓட ஆரம்பித்ததும் வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டி நடந்தார். செங்கம்மா கட்டையை மாட்டினாள், நூல் முனையைப் பிடித்தாள், தலை நிமிரவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸுக்கு அவள் கிளம்புகிறாள் என்பதை பிரபாகர் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். எந்த ஊரில் மாற வேண்டும் என்று அவனிடம்தான் கேட்டு எழுதி வாங்கியிருந்தாள்.