அக்கா வாங்கிய ஓட்டைப் படகு

போன மாதம் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைப் பார்க்கப் போயிருந்தோம். பார்க்க என்றால், டிக்கெட் எடுத்துப் பார்க்க. ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை ஒன்றை மாட்டிவிட்டு, ஓரமாகச் சாய வேண்டாம் என்று படகுக்காரர் என்னை நடுவில் உட்கார வைத்தார். இஞ்சின் கிளம்பியது. டீசல் புகையும் உப்புச்சேற்று வாடையும் ஒன்றாக வந்து மூக்கில் ஏறின. என் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, பழைய ஞாபகமா, கண்ணெல்லாம் சிவந்திருக்கிறதே என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். வருத்தம் என்று நினைத்துவிட்டாள். பழைய நாளை நினைத்தால் எல்லோருக்கும் கண் கலங்குமாம். எனக்குக் கோபம்தான் வருகிறது, என்ன செய்ய. அறுபத்தெட்டு வயதில் ரத்த அழுத்த மாத்திரை போட்டுக்கொண்டு கோபப்படுகிற ஆள் நான்.

அந்த வாடைக்கு ஒரு கதை உண்டு. காவிரித் தண்ணீர் எல்லா ஊர் வயலிலும் பாய்ந்து முடித்துக் கடைசியில் கடலுக்குப் போகிற வடிகால் ஆற்றங்கரையில் எங்கள் தெரு இருந்தது. ஊரார் அதை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும். நாங்கள் கிழக்குத் தெரு என்போம். நாற்பது கூரை வீடுகள். ஒரு பக்கம் ஆறு. மற்ற மூன்று பக்கமும் மேலப்பண்ணை மிராசுதாரின் வயல். பஸ் போகிற ரோட்டுக்கு வர வேண்டுமென்றால் அவர் வயல் வரப்பில் கால் மணி நேரம் நடக்க வேண்டும். பாட்டன் காலத்திலிருந்து நடந்த வரப்பு.

எழுபதுகளின் கடைசி அது. தை அறுவடையில் எங்கள் தெருக்காரர்கள் கூலி நெல்லை அரை மரக்கால் கூட்டிக் கேட்டார்கள். கேட்டதில் முன்னால் நின்றவள் என் அக்கா பவுனம்மாள். மிராசுதார் வெளியூரிலிருந்து லாரியில் ஆள் கொண்டுவந்து அறுத்தார். அறுப்பு முடிந்த மறுநாள் வரப்பின் இரண்டு முனையிலும் முள்கம்பி போட்டு, காவலுக்கு ஆளும் போட்டுவிட்டார். தாலுகா ஆபீசுக்குப் போனோம். பட்டா நிலம், அவர் வேலி, நாங்கள் என்ன செய்ய முடியும் என்றார்கள். உழுகிறவனுக்கே எல்லாம் என்று சுவர் சுவராக எழுதியிருந்த காலம். சென்னையில் ஆட்சி எங்கள் பெயரைச் சொல்லித்தான் நடந்தது. எங்கள் ஊர் வரப்பு வரைக்கும் அது நடந்து வரவில்லை.

மாசியில் ஒருநாள் காலை, அத்தானை நல்ல பாம்பு கொத்திவிட்டது. அத்தான் என்றால் அக்காவின் வீட்டுக்காரர். அதிர்ந்து பேசாத மனுஷர். விறகுக் கட்டைத் தூக்கக் குனிந்தபோது கொத்தியது. கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வேலியடிக்கு ஓடினோம். காவல்காரன் கம்பியைத் திறக்கவில்லை. கேட்டு வருகிறேன் என்று போனான். திரும்பி வந்து, அவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

“ஐயா குளிச்சிக்கிட்டு இருக்காரு. செத்த இருங்க.”

இருந்தோம். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. நாற்பது வீட்டு ஆம்பிளைகள் நின்றோம். ஒரு கம்பியை அறுக்க ஒருத்தருக்கும் கை வரவில்லை. பழக்கம் அப்படி. பிறகு துடுப்புப் படகில் போட்டு ஆற்றுவழியே முத்துப்பேட்டைக்குக் கொண்டுபோனோம். கடல் ஏறி வருகிற நேரம். நான்கு பேர் துடுப்புப் போட்டும் படகு நகரவில்லை. பாதி வழியில் அத்தான் வாயில் நுரை தள்ளியது. ஆஸ்பத்திரியில் இறக்கியபோது டாக்டர் நாடியைப் பார்த்துவிட்டுக் கையைக் கீழே வைத்தார்.

பதினாறாம் நாள் முடிந்து, நான் மன்னார்குடிப் பக்கம் வேலைக்குத் திரும்பக் கிளம்பினேன். அப்போதுதான் ஒன்றியப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்திருந்தேன், எங்கள் தெருவின் முதல் உத்தியோகஸ்தன். அக்கா கழற்றிவைத்த தாலியை என் கையில் கொடுத்தாள்.

“இத வித்துட்டு ஒரு மோட்டார் படகு பாரு தம்பி. பழசா இருந்தாலும் பரவால்ல. இன்னொருத்தர இந்த ஆத்துல சாவ விடமாட்டேன்.”

படித்தவன் என்பதால் படகு பார்க்கிற பொறுப்பு என்னிடம் வந்தது. படகைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது மிதக்கும் என்பதுதான். முத்துப்பேட்டையில் செல்லையா என்றொருவர், காயலில் கிளிஞ்சல் அள்ளிச் சுண்ணாம்புச் சூளைக்குப் போடுகிற வியாபாரி, பழைய படகு ஒன்றை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். பச்சைப் பெயிண்ட் புதிதாக அடித்துப் பளபளவென்று நின்றது. பூசணிக்காய் வாங்குகிறவன் மாதிரி பலகையை விரலால் தட்டிப் பார்த்தேன். செல்லையாவும் தலையாட்டினார், நான் சரியாகத் தட்டிவிட்டது போல. வயலுக்கு இறைக்கிற அதே ஐந்து குதிரைசக்தி டீசல் இஞ்சினைத்தான் படகுக்குள் உட்கார வைத்திருந்தார்கள். ஒரு சுற்றில் கிளம்பிவிட்டது. ராசா மாதிரி ஓடும் சார் என்றார். பள்ளிப் பிள்ளைகளைத் தவிர சார் என்று என்னை அதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. அந்த ஒரு சொல்லுக்கே பாதி விழுந்துவிட்டேன். நான் வருவதற்கு முன்பே அதைக் கிளப்பிச் சூடாக்கி வைத்திருந்தார் என்பது பிறகுதான் புரிந்தது. சூடான இஞ்சின் யார் சுற்றினாலும் கிளம்பும்.

தெருவுக்குக் கொண்டுவந்து கட்டினோம். மறுநாள் காலையில் கயிறுதான் இருந்தது, படகு தண்ணீருக்குள் இருந்தது. வெளியே இழுத்துப் போட்டுப் பெயிண்டைச் சுரண்டினால், அடிப்பலகையில் அக்காவின் கட்டைவிரல் உள்ளே போனது. நான் செல்லையாவிடம் போய்ச் சத்தம் போட்டேன். பார்த்துத்தானே வாங்குனீங்க என்றார். இந்த முறை சார் இல்லை.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். தெருப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு வேலையில் இறங்கினாள். அழுகிய பலகையை வெட்டி எடுத்துவிட்டுப் பூவரசம் பலகை வைத்தார்கள். பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஊற்றினார்கள். கலப்பத்து என்பார்கள் அதை. மூன்று தடவை தண்ணீரில் இறக்கி, மூன்று தடவையும் மூழ்கியது. நான்காவது தடவை கசிந்தது. கசிவதை இறைக்க ஒரு குவளை போதும் என்று அக்கா சொல்லிவிட்டாள்.

இஞ்சின்தான் வம்பு செய்தது. மன்னார்குடியில் பம்புசெட் ரிப்பேர் செய்கிற மெக்கானிக் ஒருவனைக் கூப்பிட்டேன். என் வயசுக்காரன்தான். பண்ணைக்காரர்கள் இஞ்சினெல்லாம் அவன்தான் பார்த்தான். அவர்களைப் பகைத்துக்கொண்டு வர முடியாது, கழற்றிக்கொண்டு வா, பார்க்கிறேன் என்றான். ஆக நானும் அக்காவும் டீசலைப் பீய்ச்சுகிற நாசிலையும் பம்பையும் சாக்கில் கட்டி, ஆற்றைக் கடந்து, எதிர்க்கரை வழியே இரண்டு மணி நேரம் நடந்து பஸ் ஏறிப் போவோம். அவன் செய்து கொடுப்பான். கொண்டுவந்து மாட்டினால் புகை வரும், சத்தம் வராது. மறுபடி சாக்கு. டீசல் வாடை அடிக்கிறதென்று ஒரு கண்டக்டர் எங்களைப் பாதி வழியில் இறக்கிவிட்டான். இறக்கிவிட்டது டீசலுக்காகத்தானா என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாம் மாட்டி முடித்து நான் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினேன். ஹேண்டில் எதிர்த்து அடித்து என் மணிக்கட்டு முறிந்தது. கேட்டவர்களிடம் பள்ளிக்கூட மாடிப்படியில் விழுந்துவிட்டதாகச் சொன்னேன். எங்கள் பள்ளிக்கு மாடியே கிடையாது. அக்கா என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, சேலையை வரிந்து கட்டி, இஞ்சினின் அழுத்தத்தை விடுவிக்கிற லிவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றினாள். வேகம் வந்ததும் லிவரை விட்டாள். கிளம்பிவிட்டது. ஆனால் நாலு அடிக்கு ஒரு அடி தவறும். டுப் டுப் டுப் என்று ஓடி, ஒன்றை விழுங்கிவிட்டு மறுபடி ஓடும். என்ன செய்தும் அந்தக் குறை மட்டும் போகவில்லை.

அந்தக் கோடை முழுக்க அக்காதான் ஓட்டினாள். நாற்று நடுகிற பெண் மோட்டார் படகு ஓட்டுவதைப் பார்க்கக் கரையில் ஆள் நின்றார்கள். இரண்டு பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது. ரேஷன் அரிசி வந்தது. முக்கியமாக, பெண்கள் முத்துப்பேட்டைப் பக்கத்து வயல்களுக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள். புரட்டாசி வந்தபோது மேலப்பண்ணை நாற்றங்கால் தயாராக இருந்தது, நட ஆளில்லை. அறுக்க லாரியில் ஆள் வருவார்கள். நடவு நேரத்தில் எல்லா ஊரிலும் நடவு, யார் வருவார்கள்?

அப்போதுதான் சர்க்காருக்கு எங்கள் படகு கண்ணில் பட்டது. ஒரு அதிகாரி, நான்கு போலீஸ். நான் அன்றைக்கு ஊரில் இருந்தேன்.

“யாரும்மா இதுக்குப் பொறுப்பு?”

“நாந்தாங்க.”

“லைசென்ஸ் இருக்கா?”

“வரப்புல இருக்கிற வேலிக்கு லைசென்ஸ் இருக்காங்க? அத அவரு காட்டட்டும். நான் இதக் காட்டுறேன்.”

அதிகாரி என்னைப் பார்த்தார். தம்பி என்ன செய்கிறார் என்று கேட்டார். ஒன்றியப் பள்ளி ஆசிரியர் என்று நானே சொன்னேன். அப்படியா என்றார், அவ்வளவுதான். நான் அதன் பிறகு வாய் திறக்கவில்லை. என் கோபத்தை எல்லோருக்கும் பங்கு போட்டுக் கொடுத்துக்கொண்டே வந்தேன் இல்லையா, பெரிய பங்கு எனக்குத்தான். அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை. இஞ்சினைக் கிளப்பிக் கொடு என்று போலீஸ்காரர் கேட்டார். பிடித்தவர்களே ஓட்டட்டும் என்று கரையில் உட்கார்ந்துவிட்டாள். நான்கு பேரும் ஹேண்டிலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தும் கிளம்பாமல், துடுப்புப் படகோடு சேர்த்துக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள்.

படகு போனதும் பெண்கள் பண்ணைக்குத் திரும்பிவிடுவார்கள் என்று மிராசுதார் நினைத்தார். அவர்கள் தண்ணீர் வற்றுகிற நேரம் பார்த்து, கழுத்தளவு ஆற்றில் மாற்றுச் சேலையைத் தலையில் சுற்றிக்கொண்டு எதிர்க்கரைக்கு நடந்தார்கள். ஒன்பது நாள். நாற்று முற்றத் தொடங்கியது. பத்தாம் நாள் காலையில் முள்கம்பியைக் காணோம். அரை மரக்காலும் வந்தது. ஜெயித்தோம் என்று சொல்லலாம். அத்தானைச் சேர்க்காமல் கணக்குப் பார்த்தால்.

ஐப்பசி மழையில் ஸ்டேஷனிலிருந்து படகைத் திருப்பி எடுத்துப் போகச் சொல்லி ஆள் வந்தது. போய்ப் பார்த்தால் மரம் மட்டும் கிடந்தது, இஞ்சின் இல்லை. கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. புகார் எழுதிக் கொடுத்தேன். இந்த முறை என் கையெழுத்தும் பதவியும் போட்டே எழுதிக் கொடுத்தேன். எழுதிய தாளை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

சில நாள் கழித்து, மேலப்பண்ணை வயலில் அக்கா களை எடுத்துக்கொண்டிருந்தபோது, தேங்கிய தண்ணீரை ஆற்றுக்கு இறைக்கிற இஞ்சின் சத்தம் கேட்டிருக்கிறது. மூன்று அடி, ஒன்றை விழுங்கி, மறுபடி மூன்று. அக்கா நிமிர்ந்தாள். வீட்டுக்குப் போய் ஸ்பேனரை எடுத்து வந்தாள். அத்தனை பேர் பார்க்க, கொட்டகைக்குள் போய் டீசலை அடைத்து இஞ்சினை நிறுத்தினாள். இரண்டு நட்டைக் கழற்றி, கொதிக்கிற நாசிலை முந்தானையில் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு மீண்டும் களை எடுக்க இறங்கிவிட்டாள். காவல்காரன் அதே காவல்காரன்தான். அவன் ஓடிப்போய்ச் சொல்லி, மிராசுதாரே வரப்பில் வந்து நின்றார். அக்கா குனிந்தபடியே சொன்னாளாம்.

“போலீசக் கூப்புடுங்க ஐயா. யாரு இஞ்சினுன்னு அவங்க முன்னாடி பேசுவோம்.”

அவர் கூப்பிடவில்லை. தண்ணீர் வடியாமல் அந்த வருஷம் அவர் வயல் அழுகியது. அடுத்த வருஷம் கரைவேட்டி கட்டிக்கொண்டு கட்சியில் சேர்ந்து, கிழக்குத் தெருப் பாதைக்குத் தார் போட அடிக்கல் நாட்டினார். கல்லில் அவர் பெயர்தான். நாங்களும் கைதட்டினோம். நானும் தட்டினேன்.

அவர் பிள்ளைகள் நிலத்தை இறால் பண்ணைக்கு விற்றுவிட்டு எங்கேயோ போய்விட்டார்கள். இறால் குளத்து உப்பு இறங்கி எங்கள் தெருக் கிணறுகள் கெட்டன. வீடு வீடாகத் திருப்பூருக்குக் கிளம்பினார்கள். அக்காவும் மகளோடு போனாள். பனியன் கம்பெனிக்குப் பக்கத்தில் ஒரு பத்தடி அறையில்தான் அவள் உயிர் போனது. ஆற்று வாய்க்குக் குறுக்கே இப்போது இறால் பண்ணையின் கரை எழும்பி நிற்கிறது. வயல் இல்லை, தெரு இல்லை, ஆறும் பாதிதான்.

இரண்டு வருஷம் முன்பு தெரு இருந்த இடத்துக்குத் தனியாகப் போய்ப் பார்த்தேன். இரும்புக் கேட்டில் நின்ற வாட்ச்மேன், வடக்கத்திக்காரர், கொச்சைத் தமிழில் மரியாதையாகத்தான் கேட்டார், யாரைப் பார்க்க வேண்டும் என்று. எனக்கு அவர் மேல் கோபப்பட ஆசையாக இருந்தது. ஒரு பெயர் சொன்னால் உள்ளே விடுவார் போலிருந்தது. சொல்ல ஒரு பெயரும் அங்கே மிச்சமில்லை.