ஐந்து மணிச் செய்தி

என் வீட்டுக்காரருக்கு ரகசியம் பேச வராது. எங்கள் கல்யாணத்தன்று பக்கத்தில் உட்கார்ந்து, "ரொம்பப் பசிக்குதா?" என்று என் காதோடு கேட்டார். கடைசி வரிசையிலிருந்து என் சித்தப்பா, "ஆமா மாப்ளே, எங்களுக்கும்தான்!" என்று பதில் சொன்னார். இந்த மனுஷனோடு குடும்பம் நடத்தினால் எங்கள் சண்டையை அக்கம்பக்கத்தார் கேட்டுத் தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள் என்று அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது.

தொழிலும் அதற்கேற்ற மாதிரி அமைந்தது, மைக்செட் வாடகைக்கு விடுவது. கல்யாணம், கூட்டம், பள்ளிக்கூட விளையாட்டு விழா, எதுவானாலும் ஸ்பீக்கர் கட்டுவது இவர்தான். மைக்செட்காரர் என்றால் போதும், பேரெல்லாம் தெருவில் யாருக்கும் தேவையில்லை. தொழிலில் இவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வெளியே போன மைக் திரும்பி வந்தால், கொண்டு வந்தவரை நிற்க வைத்து, அங்கேயே ஆம்ப்ளிஃபயரைப் போட்டு, "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" சொல்லிப் பார்ப்பார். சத்தம் சுத்தமாக இருந்தால்தான் உள்ளே எடுத்து வைப்பார். இல்லாவிட்டால், "கரகரன்னு இருக்கு, வாங்க மாட்டேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார். சொந்தத் தம்பியானாலும் அதே கதைதான்.

எங்கள் கடைக்கு நேர் எதிரே மூன்று மாடி விடுதி. பின்தெருவில் பெரிய ஆஸ்பத்திரி. புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கிற குழந்தைகளோடு அப்பா அம்மாக்கள் வெளியூரிலிருந்து வந்து மாதக்கணக்கில் அந்த விடுதியில் தங்குவார்கள். மருந்து ஏறினால் குழந்தைகளுக்கு ரத்தத்தில் வெள்ளை அணு குறைந்துபோகும். பக்கத்தில் ஒருவர் தும்மினாலும் ஆபத்து. அதனால் வெளியே விட மாட்டார்கள், அடுத்த அறைக் குழந்தையோடு விளையாடவும் முடியாது. நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து எங்கள் கடையைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த மொட்டைத் தலைகள்.

ஒருநாள் சாயங்காலம் இவர் ஒரு மைக்கைச் சோதித்துக்கொண்டிருந்தார். விடுதி மேனேஜர் விறுவிறுவென்று தெருவைத் தாண்டி வந்தார். "ஏங்க, உள்ள உடம்பு முடியாத குழந்தைங்க இருக்காங்க. கொஞ்சமாவது மனசாட்சி வேண்டாமா?" என்று சத்தம் போட்டார். இவருக்கு முகம் செத்துப்போனது. சட்டென்று எல்லாவற்றையும் அணைத்தார். "நல்லாக் கேளுங்க சார், நான் சொன்னா எங்க காதுல ஏறுது?" என்று நானும் என் பங்குக்கு ஏற்றிவிட்டேன்.

அப்போது இரண்டாவது மாடியிலிருந்து ஒரு கீச்சுக் குரல் வந்தது. "ஏன் நிறுத்திட்டீங்க? இப்பதானே நல்லா இருந்துச்சு! மாமா, கேப்டன்னு சொல்லுங்க! சத்தமா!"

எட்டு வயதுப் பெண், கேப்டன் என்பது விடுதியில் அவளுக்குப் பட்டப்பேர், கன்னம் ஒட்டிப்போய் கண் மட்டும் பெரிதாக இருந்தது. மேனேஜர் மேலே பார்த்தார், இவரைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். "பெரிய ஸ்பீக்கர் வேண்டாம். அஞ்சு நிமிஷம்னா பரவாயில்லை" என்றார்.

அடுத்த நாளே இவர் தெருவுக்குக் குறுக்கே ஒயர் இழுத்து, விடுதியில் மாடிக்கு ஒன்றாகச் சின்னப் பெட்டி ஸ்பீக்கர் மாட்டிவிட்டார். அதிலிருந்து தினமும் ஐந்து மணிக்குச் செய்தி. குழந்தைகள் தங்கள் தங்கள் சமாச்சாரத்தைத் துண்டுக் காகிதத்தில் எழுதி, கயிறு கட்டிய கூடையில் ஜன்னல் வழியே இறக்குவார்கள். இவர் கடையில் உட்கார்ந்து வாசிப்பார். "மூன்றாவது மாடி முத்துப்பல்லுக்கு இன்று இன்னொரு முன்பல் விழுந்தது. பல்லைக் காணவில்லை. இட்டிலி... இல்லை, ரொட்டியோடு விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம்." வாசித்து முடித்ததும் "கேக்குதா?" என்பார். எல்லா ஜன்னலிலிருந்தும், "நல்லாக் கேக்குது மாமா!" என்று பதில் வரும். அதற்கப்புறம் கடையில் எந்த மைக்கைச் சோதித்தாலும் அந்தப் பெட்டிகள் வழியேதான். குழந்தைகள் சரி என்றால்தான் இவருக்கும் சரி.

பெட்டி ஸ்பீக்கர் விடுதிக்குள் இருந்தாலும் தெருவுக்கும் செய்தி போய்விடும். இவர் தொண்டைக்கு ஸ்பீக்கர் எதற்கு? ஒருநாள், "முதல் மாடிக் குழந்தைக்கு அவசரமா ரத்தம் தேவை, ஓ நெகட்டிவ்" என்று வாசித்தார். எதிர்ச்சாரி சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஓடினார். பாதி முகம் சோப்பு நுரையோடு நாற்காலியில் இருந்தவரும் துண்டை உதறிவிட்டுப் பின்னாலேயே ஓடினார். அவருக்கும் அதே குரூப்பாம். ரத்த வங்கி நர்ஸ் சிரித்துச் சிரித்து ஊசி போடத் தாமதமானது என்று கேள்விப்பட்டேன். டீக்கடைக்காரர் பால் காய்ச்சிக் கொடுத்தனுப்புவார். இஸ்திரி போடுகிறவர் குழந்தைகளின் உடுப்பு என்றால் வேறெந்த மூட்டையையும் தொட மாட்டார். யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை. ஐந்து மணிக்குக் காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

கேப்டனுக்கு ஒரு வாரத்திலேயே செய்தி கேட்டு அலுத்துவிட்டது. "நான் வாசிக்கறேன்" என்று அடம். ஒயர் இல்லாத மைக் ஒன்றைக் கூடையில் வைத்து மேலே அனுப்பினோம். ஒவ்வொரு தடவையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துப் புதுப் பஞ்சு உறை மாட்டுவது என் வேலை. சில நாளில் அந்த மைக் கீழே இறங்குவதே நின்றுபோனது. அதன் அடியில் ஒரு நட்சத்திர ஸ்டிக்கரை ஒட்டித் தனக்கே சொந்தமாக்கிக்கொண்டாள். "வணக்கம். முக்கியச் செய்தி. என் தலையில் இன்று மூன்று முடி முளைத்திருக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜன்னலுக்குக் கீழே வரிசையில் நிற்கவும்." சத்தியமாகச் சொல்கிறேன், சலூன்காரர் போய் நின்றார். "நல்ல முடி, வெட்டிடாதீங்க" என்று கீழிருந்தே சான்றிதழும் கொடுத்தார்.

அவளுடைய அப்பா பஸ் டிரைவர். அம்மா மகளோடு விடுதியில் இருக்க, அப்பா லீவு கிடைக்கும்போதெல்லாம் ஓடி வருவார். அதிகம் பேசாத மனுஷன். மகள் செய்தி வாசிக்கும்போது எங்கள் கடை வாசலில் நின்று மேலே பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்.

மழைக்காலம் ஆரம்பித்தபோது கேப்டனுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். திரும்பி வரவில்லை. எப்படி எழுதினாலும் இந்த வரி எனக்குச் சரியாக வரவில்லை, அதனால் இப்படியே விட்டுவிடுகிறேன். நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். இவர் நாலு நாள் மைக்கைத் தொடவில்லை. அப்புறம் நான்தான், "மேல மத்த குழந்தைங்க காத்துக்கிட்டு இருக்குதுங்க, எழுந்திருங்க" என்று விரட்டினேன். ஒயர் மைக்கை எடுத்து வாசித்தார். வானிலை அறிக்கை மாதிரி இருந்தது. ஒயர் இல்லாத மைக், சாமான்களைக் கட்டும் அவசரத்தில் அவர்களோடு ஊருக்குப் போய்விட்டது. இவர் கேட்கவும் இல்லை, நான் ஞாபகப்படுத்தவும் இல்லை.

சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம், ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால், கேப்டனின் அப்பா அம்மா இருவரும் கடை வாசலில் வந்து நின்றார்கள். டிரைவர் கையில் துணியில் சுற்றிய மைக். "அண்ணே, இது உங்களோடது. திருப்பிக் குடுத்துட்டுப் போகலாம்னு..." என்றார். அந்த அம்மாவைக் கடைக்குப் பின்னாலிருக்கும் எங்கள் சமையலறைக்குக் கூட்டிப்போனேன். தண்ணீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே குடிக்காமல் பேசினாள்.

"அக்கா, அவ பேச்சை எடுத்தாலே இவர் எழுந்து வெளிய போயிடறார். அவ போனதுலேர்ந்து ஒரு வார்த்தை அவளைப் பத்திப் பேசல. தினமும் அவளை பஸ்ல பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனது இவர்தான். அவ செஞ்ச சேட்டையில பாதி அந்த பஸ்ஸுலதான் நடந்தது. அதெல்லாம் இவருக்குத்தான் தெரியும். இவர் வாயைத் திறக்கலேன்னா என் பொண்ணு எனக்குப் பாதிதான் மிச்சம்கா."

டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விடுதியில் மற்ற அம்மாக்களைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பின்வாசல் வழியாகப் போனாள்.

கடையில் இவர் என்ன செய்தார் தெரியுமா? பழக்கதோஷம்! ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லத் தெரியாமல், திரும்பி வந்த மைக்கைச் சோதிக்கக் கிளம்பிவிட்டார். ஆம்ப்ளிஃபயரைப் போட்டார். மைக்குக்குப் புது பேட்டரி போட மூடியைத் திருப்பினார். நட்சத்திர ஸ்டிக்கர் கண்ணில் பட்டது. பேட்டரியைப் போட்டு மைக்கை டிரைவர் கையிலேயே திணித்துவிட்டு, "ஒரு ஒயர் எடுத்துட்டு வரேன்" என்று சமையலறைக்குள் வந்தவர் என் துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். ஒயர் இல்லாத மைக்குக்கு ஒயர் எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை.

அப்போது கடையில் யாரோ மெதுவாகப் பேசுகிற சத்தம். எட்டிப் பார்த்தேன். டிரைவர் ஸ்டூலில் தனியாக உட்கார்ந்து, இரண்டு கையாலும் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கேப்டன்... அப்பா பேசறேன்மா. மாமாவோட மைக்கைக் குடுத்துட்டேன். கோவிச்சுக்காதே. வர்ற வழியில உன் நாயைப் பாத்தேன். அதே ஸ்டாப்புல, அதே இடத்துல படுத்திருக்கு. ஞாபகம் இருக்கா? கண்டக்டர் மாமா விசிலைத் திருடி வச்சுக்கிட்டு தெருநாயைப் பார்த்த இடத்துலயெல்லாம் ஊதினியே. விசில் கேட்டா நான் நிறுத்தத்தானே செய்வேன்? நிறுத்தினா ஒருத்தரும் இறங்கல, ஏறல. பஸ்ஸே என்னைத் திட்டுது. நீ மட்டும் ஒண்ணும் தெரியாத மாதிரி வெளிய பாத்துக்கிட்டு உக்காந்திருந்தே..."

ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷத் தொழிலில் என் வீட்டுக்காரர் மைக்கை அணைக்காமல் நகர்ந்தது அன்றைக்குத்தான். எதிரே ஒவ்வொரு ஜன்னலாகத் தலைகள் முளைத்தன. பாவி மனுஷா என்று பல்லைக் கடித்துக்கொண்டு அணைக்க ஓடினேன். பின்னாலிருந்து என் கையைப் பிடித்தார். "விடு, பேசட்டும்" என்றார். அந்தக் குரல் எனக்கு மட்டும்தான் கேட்டது. கல்யாணமாகி முதல் தடவை.

"கடைசில அந்த ஸ்டாப்புல கதவு திறந்துச்சு. அந்த நாய் மெதுவா எழுந்து, உடம்பை உதறிட்டு, படிக்கட்டுக்கிட்ட வந்துச்சு..." டிரைவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார். தலையைக் குனிந்துகொண்டார்.

மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து முத்துப்பல் கத்தினாள். "மாமா! நாய் ஏறுச்சா இல்லியா?"

டிரைவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். ஜன்னல் ஜன்னலாகக் குழந்தைகள். கையிலிருக்கும் மைக்கைப் பார்த்தார், சிவப்பு விளக்கைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். எழுந்து போய்விடுவார் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அதற்குள் அவர் மனைவி விடுதியிலிருந்து தெருவைத் தாண்டி மூச்சிரைக்க ஓடி வந்து வாசலில் நின்றாள்.

"சொல்லுங்க. குழந்தை கேக்குறா இல்ல?" என்றாள். "நானும்தான் கேக்கறேன். நாய் ஏறுச்சா?"

அவர் அவளையே பார்த்தார். பிறகு மைக்கை வாயருகே கொண்டுபோனார். "ஏறுச்சு" என்றார்.

எதிரே ஒரே கூச்சல். ஒருத்தி கைதட்டினாள், யாரோ தட்டைத் தட்டினார்கள். "ஏறி முன் சீட்டுல உக்காந்துக்கிச்சு. அதுக்கு அரை டிக்கெட் குடுத்தாத்தான் பஸ் கிளம்பணும்னு கேப்டன் ஆர்டர் போட்டா. கண்டக்டரும் குடுத்தார். அப்புறம் நாய்க்குக் குளிருதுன்னு..." சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"குளிருதுன்னு?" என்றாள் மனைவி.

"அவ சிவப்பு ஸ்வெட்டரைக் கழட்டி மாட்டி விட்டா."

"அட கடவுளே! அது பள்ளிக்கூடத்துல தொலைஞ்சு போச்சுன்னு சொன்னீங்களே! நான் போய் டீச்சரோட அப்படி ஒரு சண்டை போட்டேனே!"

"அம்மாகிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. நான் என்ன பண்றது?"

எல்லாம் மைக்கில்தான். விடுதி முழுக்கச் சிரித்தது. டீக்கடைக்காரர் டம்ளரோடு தெருவுக்கே வந்துவிட்டார். அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. "அப்பனும் பொண்ணும் கூட்டுக் களவாணிங்க" என்று அவர் தோளில் ஒரு அடி வைத்தாள். "இன்னும் என்னென்ன இருக்கு? எல்லாத்தையும் சொல்லுங்க." டிரைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நிறைய இருக்கு" என்றார்.

அன்றைக்கு ஐந்து மணிச் செய்தி முழுக்க அதுதான். விளக்கு வைக்கும் நேரத்தில் டிரைவர் எழுந்து, மைக்கைத் துணியால் துடைத்து இவரிடம் நீட்டினார். இவர் வாங்கி, "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங். கேக்குதா?" என்றார்.

"நல்லாக் கேக்குது மாமா!" என்று எல்லா ஜன்னலும் பதில் சொன்னது.

இவர் உதட்டைப் பிதுக்கினார். "கரகரன்னு இருக்கு. இப்படிக் குடுத்தா நான் வாங்க மாட்டேன். நீங்களே வச்சிருந்து அடுத்த லீவுக்குக் கொண்டாங்க, பாக்கலாம்."

டிரைவர் மைக்கைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு லீவுக்கும் இரண்டு பேரும் அதைக் கொண்டு வருகிறார்கள். கேப்டன் கதை ஒன்று சொல்லி முடித்ததும் இவர் வாங்கிச் சோதித்துப் பார்க்கிறார். இன்னும் கரகரவென்றுதான் இருக்கிறதாம்.