ஞாயிற்றுக்கிழமை நான் ஊதிய சங்கு

எங்கள் குடியிருப்பை ஒன்றாகச் சேர்த்து வைத்தவன் நான்தான். எழுதின கையோடு ஒத்துக்கொள்கிறேன், அது பச்சைப் பொய். கூட்டம் சேர்க்கப் போன என்னையே பாடையில் கட்டப் பார்த்தார்கள். அதுதான் உண்மை.

உலகச் சண்டை நடந்த காலம். தூத்துக்குடிக்கு மேற்கே, உப்பளம் தாண்டிய பொட்டலில் முப்பது ஓலை வீடுகள் புதிதாக முளைத்திருந்தன. சாத்தான்குளத்துக்காரர், திருச்செந்தூர்ப் பக்கத்தார், மாதா கோயிலுக்குப் போகும் கடற்கரை வேதக்காரர் என்று ஆளுக்கொரு திசை. விடியுமுன் மில்லுக்கும் துறைமுகத்துக்கும் நடப்போம். பொழுது சாயத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொள்வோம். ஒரு வருஷம் ஒரே பாதையில் நடந்தும், எனக்கு முன்னால் போகிறவரின் முதுகு தெரியும், முகம் தெரியாது.

என் பெண்சாதிக்கு ஒன்பதாவது மாதம். மூத்தது இடுப்பில்.

"பகல்ல வலி வந்து கத்துனா யாரு வருவா? காக்காவா? இந்த ஞாயித்துக்கெழமைக்குள்ள நாலு மனுசரைக் காட்டும். இல்லன்னா சாத்தான்குளத்துக்கே போயிருதேன், திரும்ப மாட்டேன்" என்றாள். டிரங்குப் பெட்டியையும் கட்டிவிட்டாள்.

"நாலு என்னளா, நாப்பது பேரைக் கூட்டுதேன் பாரு!"

வீடு வீடாகப் போய்க் கூப்பிடக் கூச்சம். எனக்குச் சங்கு அடுக்கி வைக்கும் கிட்டங்கியில் மூட்டை தூக்கும் வேலை. கழித்துப் போட்ட சங்கு ஒன்றைக் கேட்டு வாங்கி, முனையை அறுத்து, ஞாயிறு மத்தியானம் வாசலில் நின்று மூன்று முறை இழுத்து ஊதினேன். வாசலில் சங்கு ஊதினால் அந்த வீட்டில் சாவு என்பது ஊதின உற்சாகத்தில் மறந்தே போயிற்று.

முப்பது வீடும் ஓடி வந்தது. எதிர்வீட்டு வேதக்கார அக்காள் தலைமுடியை அள்ளிச் சொருகியபடி முதலில் வந்தாள்.

"ஏலே, யாரு போனது? அந்த நெறமாசப் பிள்ளையா?"

"யாரும் போகலக்கா. கூட்டம் போடத்தான்..."

பாடைக்கு மூங்கிலோடு வந்த பக்கத்து வீட்டு மில்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கம்பு கொண்டாந்தாச்சு. வீணாப் போகக் கூடாது. இவனையே கட்டிருவமா?"

உள்ளே என் பெண்சாதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்காத தாயி, இங்கனயே பெத்துப்போடுவ" என்று அக்காள் பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைக் கேட்டாள். கேட்டு முடித்ததும் கோபம் வந்தது. "பகல் பூரா வேலிக்கு அங்கன வலை பின்னிக்கிட்டுத்தான கெடக்கேன்? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

பிறகு என் கையிலிருந்து சங்கைப் பிடுங்கி என் பெண்சாதியிடம் கொடுத்தாள்.

"இத நீ வச்சுக்க. வலி எடுத்தா ஊது, வாரோம். எந்த வீட்ல ஆபத்துன்னாலும் இதுதான். சாவுக்கு வேற சங்கு பாத்துக்கிடுவோம்."

என் பெண்சாதி பெட்டியை அவிழ்த்து டம்ளர்களை எடுத்தாள். எல்லாருக்கும் கருப்பட்டிக் காப்பி. என் முறை வரும்போது சட்டி காலி.

பத்தாம் நாள் அவள் ஊதிவிட்டாள். கிட்டங்கிக்கு ஆள் வந்து சொல்ல, மூச்சிரைக்க ஓடி வந்தேன். வீட்டுக்குள் ஒரே பெண்கள் கூட்டம், எனக்கு இடமில்லை. வாசலில் மில்காரர் என் கையைப் பிடித்து...

இதோ, இதை எழுதும்போதே மேலக் கடைசி வீட்டில் சங்குச் சத்தம். எதிர்வீட்டு அக்காள் வேலியில் நின்று கத்துகிறாள்.

"ஏலே, எழுதிக் கிழிச்சது போதும்! கூரையில தீ. கொடத்தத் தூக்கிட்டு ஓடியா!"