மாமனார் கழுவிய பவளத்தொட்டி

பழவேற்காட்டிலிருந்து கேன் கேனாகக் கடல்நீர் சுமந்து வந்து, பவளத்தோடு கடல்மீன் வளர்க்கும் பவளத்தொட்டி வைத்து ஒரு மாதம். இன்னும் மீன் விடவில்லை. முதலில் மீனுக்கு இரையாகும் கோப்பிபாட் என்ற பொடிப்பூச்சிகள் பெருக வேண்டும். அவற்றுக்குத் தினமும் பச்சைப் பாசித்தண்ணீர்தான் சாப்பாடு.

இன்று கும்மிடிப்பூண்டியில் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால், ஊத்துக்கோட்டையிலிருந்து வந்திருந்த மாமனார் துண்டில் கை துடைத்துக்கொண்டு நிற்கிறார்.

“இன்னா மாப்ள, தண்ணி பூரா பாசி, பூச்சி வேற நெளிஞ்சிக்கினு இருந்துச்சி! கொட்டிக் கழுவிட்டு போர் தண்ணி ஊத்திட்டேன்.”

“மாமா, அதுங்களுக்குத்தான் ஒரு மாசமா தீனி போட்டுக்கினு இருந்தேன்!”

“பூச்சிக்கா?”

நெல்லில் பூச்சியைக் கண்டதும் மருந்தடிக்கிற மனிதர். மகளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

வரும் வழியில் வாங்கிய நான்கு கோல்டு ஃபிஷ்ஷையும் தொட்டியில் விட்டிருக்கிறார். எரிச்சல் என்னவென்றால், நான்கும் குஷியாக நீந்துகின்றன.

கோல்டு ஃபிஷ்ஷுக்கு என்ன தீனி போடுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.