கடைசி முறைத் தண்ணீர்

தொண்ணூறுகளில், பல்லடம் பக்கத்து எங்கள் ஊரில், வேலையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் நான் கெட்டிக்காரன். யாருடைய மாடு கிணற்றில் விழுந்தாலும் கயிற்றோடு ஓடிவருபவர் விவசாயி பழனியண்ணன். அவரை ஒருநாள் ஏமாற்றிக் காட்டுவதாக டீக்கடையில் சவால் விட்டேன்.

அன்று அவர் மக்காச்சோளத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். அந்தப் போகத்துக்கு வாய்க்காலை அடைக்கும் முன் அவருக்குக் கிடைத்த கடைசி முறைத் தண்ணீர் அது.

“ஏனுங்கண்ணா, எங்க எருமை கெணத்துல உளுந்துபோச்சுங்க!”

மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். எங்கள் தொழுவத்தில் எருமை நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. வேடிக்கை பார்க்க அங்கே வந்திருந்த டீக்கடைக் கூட்டம் சிரித்தது. நான்தான் அதிகம் சிரித்தேன்.

அவர் தோட்டத்துக்குத் திரும்பியபோது வரப்பு உடைந்து தண்ணீரெல்லாம் சாலைப் பள்ளத்தில் ஓடியிருந்தது. அவருடைய முறை நேரமும் முடிந்துவிட்டது.

சில வாரங்களில் பயிர் கருகியது. கதிர் பிடிக்காத மக்காச்சோளத் தட்டையை அவர் அறுத்துக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

“அண்ணா, தப்புப் பண்ணிப்போட்டனுங்க.”

அவர் நிமிரவில்லை. “நாளைக்கு நெசமாலுமே உளுந்தா, இதை நெனச்சுக்கிட்டு சொல்லாம இருந்துபோடாத கண்ணு. கூப்புடு, வாரேன்.”

திட்டியிருந்தால் அதையும் நடித்துக்காட்டி டீக்கடையைச் சிரிக்க வைத்திருப்பேன். இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. இன்றுதான் எழுதுகிறேன், எழுதுவதால் அந்த மக்காச்சோளம் பச்சையாகிவிடப் போவதில்லை.